ஆறாவது தண்ணீர்

ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களை ஓதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதற்பாடம் தண்ணீர்தான். தொழுகைக்கு முன் தூய்மை. தூய்மைக்கு முன் தண்ணீர். அபூ ஷுஜாஃ அவர்களின் சுருக்க நூலை விரித்ததும் நாம் காண்பது, தூய்மை செய்வதற்கு உரிய ஏழு வகைத் தண்ணீரின் கணக்கு. வானத்து மழை, கடல், ஆறு, கிணறு, ஊற்று, பனி, ஆலங்கட்டி ஆகியவையே அந்த ஏழு. முப்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் இந்த ஏழையும் விரல்விட்டு எண்ணிக் கொடுத்து வருகிறேன்.

முதல் ஐந்தும் எங்கள் கடற்கரையூர்ப் பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமானவை. ஏழாவதான ஆலங்கட்டியையும் கோடை மழையில் ஓரிரு முறை பொறுக்கி வாயில் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆறாவதில்தான் சிக்கல். அரபியில் ‘ஸல்ஜ்’ என்பதற்கு என் உஸ்தாது எனக்குச் சொல்லித் தந்த பொருள் ‘பனி’. நானும் அப்படியே சொல்லித் தந்தேன்.

1997ஆம் ஆண்டு ஒரு மாலை வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்கிறதே, அந்தப் பனியையா சொல்கிறீர்கள்? அதை எப்படி அள்ளி ஒளுச் செய்வது?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பிரம்பை எடுத்தேன். அவன் உள்ளங்கை இரண்டும் சிவந்த பிறகுதான் வைத்தேன்.

குறும்புக்காக அடித்தேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் விடை இல்லை. தமிழில் புல் நுனியில் நிற்பதும் பனி, விடியலில் மூடுவதும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள் இருப்பதைப் பத்து வயதுப் பிள்ளை கண்டுகொண்டான். ஆசிரியனாகிய நான் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சிறுவன் பின்னர் பொறியியல் படித்து, இப்போது சுவிட்சர்லாந்தின் தலைநகராகிய பெர்னில் மனைவி மக்களோடு வாழ்கிறான். 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பின் பயணச் சீட்டு எடுத்து அனுப்பி, “ஹஜ்ரத், பத்து நாள் எங்களோடு வந்து தங்க வேண்டும்” என்று அழைத்தான். விமானத்தில் ஏறும்போது என் பெட்டியில் இரண்டு சால்வைகள் இருந்தன. நெஞ்சில் அந்தப் பிரம்பு இருந்தது.

பெர்னிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் தூன் நகரம் வந்துவிடுகிறது. அங்கிருந்துதான் ஏரிப் பயணம் தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறைகளில் பிறக்கும் ஆரே என்னும் ஆறு முதலில் பிரியன்ஸ் ஏரியில் விழுந்து, அதிலிருந்து வெளியேறித் தூன் ஏரியில் புகுந்து, பெர்ன் நகரைச் சுற்றிக்கொண்டு ரைன் நதியோடு கலந்து வடகடலை அடைகிறது. இரண்டு ஏரிகளுக்கும் நடுவே கிடக்கும் சமவெளியில் இன்டர்லாக்கன் என்னும் ஊர். ‘ஏரிகளுக்கிடையே’ என்பதே அந்த இலத்தீன் வழிப் பெயரின் பொருள்.

தூன் ஏரியில் 1906ஆம் ஆண்டு கட்டப்பட்ட புளூமிலிசால்ப் என்னும் நீராவிக் கப்பல், பல ஆண்டுகள் ஒதுக்கிக் கிடந்து, பழுது பார்க்கப்பட்டு 1992 முதல் மீண்டும் ஓடுகிறது. இருபுறமும் சக்கரத் துடுப்புகள் நீரை அறைய, கரையோரக் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் மெல்லப் பின்னே நகர்கின்றன. கப்பலின் நடுவே குனிந்து பார்த்தால், எண்ணெய் மினுங்கும் இயந்திரத் தண்டுகள் ஏறி இறங்குவது தெரியும். என் மாணவனின் ஏழு வயது மகள் மலைகளைத் திரும்பியும் பாராமல் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பனைப் போல ஆயிரம் கேள்விகள் கேட்டாள். தகப்பன் ஒன்றுவிடாமல் விடை சொன்னான். நான் கடலைப் பார்ப்பவன்போல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடல் என்று தவறிச் சொல்லவில்லை. அரபியில் ஏரிக்குப் ‘புஹைரா’ என்று பெயர். ‘பஹ்ர்’ என்னும் கடலைச் சிறுமையாக்கிச் சொல்லும் சொல் அது. ‘சின்னக் கடல்’ என்று பொருள். ஜெர்மன் மொழியிலோ ஏரிக்கும் கடலுக்கும் ‘ஸே’ என்ற ஒரே சொல். ஆண்பாலில் சொன்னால் ஏரி, பெண்பாலில் சொன்னால் கடல். நம் தமிழுக்கு இந்த வறுமை இல்லை. ஏரி, குளம், கண்மாய், ஊருணி, பொய்கை, வாவி, சுனை என்று நிற்கும் நீருக்கு எத்தனை பெயர்கள்! நிற்கும் நீரை அருமையாகப் போற்றியவர்கள் அதற்குப் பெயரையும் தாராளமாக வைத்தார்கள். பனியைக் காணாதவர்கள் பனிக்கு ஒரே பெயரோடு நின்றார்கள்.

இன்டர்லாக்கன் கடைத்தெருவில் கோடைகாலத்தில் வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. ஒரு பெரியவர் அமர்ந்திருந்த பெஞ்சில் நானும் அமர்ந்து, மதரஸாவில் கற்ற இலக்கண சுத்தமான அரபியில் ஸலாம் கூறி நலம் விசாரித்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “ஷைகே, நீங்கள் வெள்ளிக்கிழமை குத்பா ஓதுவதுபோலப் பேசுகிறீர்கள்!” என்று சிரித்தார். அவருடைய பேச்சு வழக்கில் பாதி எனக்குப் புரியவில்லை. வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் தம் நாட்டைவிட்டு ஆண்டுதோறும் இந்தக் குளிர்ச்சிக்காகவே வருவதாகச் சொன்னார் என்பது மட்டும் விளங்கியது.

அங்கிருந்து பிரியன்ஸ் ஏரிக் கப்பல். தூன் ஏரி நீலம். பிரியன்ஸ் ஏரியோ பாலில் பச்சையைக் கரைத்தது போன்ற ஒரு நிறம். சாயம் கலந்தார்களோ என்று ஐயுறத் தோன்றும். பனிப்பாறைகள் மலைமீது நகரும்போது அடியிலுள்ள கல்லை மாவாய் அரைத்துவிடுகின்றன. அந்தக் கல்மாவு ஆற்றோடு வந்து ஏரியில் மிதக்கிறது. அதில் வெயில் பட்டுச் சிதறுவதால் வருவதே இந்த நிறம். ஃபிக்ஹுக்காரனுடைய மனம் சும்மா இருக்குமா? நிறம் மாறிய தண்ணீரில் ஒளுக் கூடுமா என்று எண்ணினேன். கூடும். தண்ணீர் தங்கும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ள மண்ணாலும் கல்லாலும் நிறம் மாறினால் அதன் தூய்மைக்குக் குறைவில்லை என்றுதான் காலமெல்லாம் ஓதிக் கொடுத்திருக்கிறேன். ஓதிக் கொடுத்த சட்டம் ஒன்று, இருநூற்று அறுபது மீட்டர் ஆழத்தோடு கண்முன் விரிந்து கிடப்பதை அன்றுதான் கண்டேன்.

கீஸ்பாக் என்னும் அருவி பதினான்கு படிகளாக இறங்கி இந்த ஏரியில் விழுகிறது. கப்பல் துறையிலிருந்து மேலே ஏற, நம் பழனி மலையில் விஞ்ச் என்பார்களே, அதே முறையில் 1879 முதல் ஓடும் ஒரு வண்டி இருக்கிறது. அருகே இசெல்ட்வால்ட் என்னும் சிற்றூர். கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அந்த ஊரின் மரத்துறை காட்டப்பட்டதால் கூட்டம் பெருகி, 2023 முதல் அத்துறையில் நின்று படம் எடுக்க ஐந்து பிராங்க் கட்டணம் வைத்துவிட்டார்கள். “ஹஜ்ரத், போய் நிற்கிறீர்களா?” என்று கேட்டான் மாணவன். ஐந்து பிராங்குக்கு எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு, கப்பலிலேயே இருந்துவிட்டேன்.

அழகுக்கு உள்ளே இருக்கும் கதைகளையும் அவன் மறைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய வெடிமருந்துகளை, ஆயிரக்கணக்கான டன் அளவில், தூன், பிரியன்ஸ் முதலிய ஏரிகளின் அடியில் ராணுவம் கொட்டியிருக்கிறது. அவற்றைப் பாதுகாப்பாக எடுப்பது எப்படி என்று 2024ஆம் ஆண்டு பரிசு அறிவித்துப் பொதுமக்களிடமே யோசனை கேட்டார்கள். சலவைத் தூளிலிருந்த பாஸ்பேட் ஏரிகளைக் கெடுத்தது; 1986இல் அதற்குத் தடை விதித்தார்கள். தண்ணீர் தெளிந்தது. ஆனால் பிரியன்ஸ் ஏரியில் உணவு குறைந்து மீன்வளம் சுருங்கிவிட்டது. மாசுக்கும் வறுமைக்கும் நடுவே ஓர் ஏரியை நிறுத்தி வைப்பது எளிதன்று போலும்.

மறுநாள் கான்டர்ஸ்டெக் என்னும் மலைச் சிற்றூருக்குச் சென்று, ரோப் காரில் ஏறி, சிறிது தூரம் நடந்து ஊஷினன் ஏரியை அடைந்தோம். கடல்மட்டத்திற்கு 1578 மீட்டர் உயரம். ஒருகாலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி அது. புளூமிலிசால்ப், டோல்டன்ஹார்ன் முதலிய சிகரங்கள் மூன்று புறமும் சுவராய் நிற்க, அவற்றின் பனிப்பாறைகள் உருகி அருவிகளாய் அதில் விழுகின்றன. வெளியேறும் நீர் மண்ணுக்குள் புகுந்து கீழே ஊற்றாய் எழுகிறது. பனி நீர் ஊற்று நீராகிறது. ஊற்று நீர் ஆற்று நீராகிறது. ஆற்று நீர் கடல் நீராகிறது. தனித்தனியாக எண்ணிக் கொடுத்த ஏழும் ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

லுஹர் நேரமாயிற்று. கரையோரம், வெயில் படாத பாறை மடிப்பில், குளிர்காலத்துச் சரிவிலிருந்து மிஞ்சிய பனித்திட்டு ஒன்று அழுக்கேறிக் கிடந்தது. அதன் அருகே குனிந்தேன். மேலிருந்த அழுக்கை விலக்கி ஒரு பிடி அள்ளினேன். உள்ளங்கை சுட்டது. ஆம், சுட்டது என்றுதான் சொல்ல வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டியது. இரண்டு உள்ளங்கைகளும் சிவந்துவிட்டன.

சிவந்த கைகளைப் பார்த்தபோது என்னால் நிற்க முடியவில்லை. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பதறி, “ஹஜ்ரத், என்ன செய்கிறது?” என்று ஓடி வந்தான்.

“தம்பி, உன்னை ஒரு நாள் இந்தப் பனிக்காக அடித்தேன். நீ கேட்டது சரியான கேள்வி. விடை தெரியாததை மறைக்க அடித்தேன். என்னைப் பொறுத்துக்கொள்” என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. “அது நினைவில்லை ஹஜ்ரத்” என்று சொல்லியிருக்கலாம். நம் பிள்ளைகள் மரியாதைக்காக அப்படிச் சொல்வார்கள். அவன் அப்படிச் சொல்லவில்லை. “நினைவிருக்கிறது ஹஜ்ரத். அதன் பிறகு நான்கைந்து ஆண்டுகள் எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்கவில்லை” என்றான். பிறகு என் பக்கத்தில் அமர்ந்து, என் ஈரக் கைகளைத் தன் கம்பளிச் சட்டையில் துடைத்துவிட்டு, “பொறுத்துக்கொண்டேன். ஆனால் விடை இன்னும் வரவில்லையே?” என்றான்.

இருபத்தெட்டு ஆண்டு தாமதமாக விடை சொன்னேன். பனியை உறுப்பின்மீது தேய்க்கும்போது அது உருகி வழிந்தோடினால் கழுவியதாகும். வழியாமல் ஈரம் மட்டும் பட்டால் தலைக்கு மஸ்ஹு செய்யப் போதும், முகத்துக்கும் கைகால்களுக்கும் போதாது. மார்கழிப் புல்லின் பனித்துளியும் தூய நீர்தான். உறுப்பில் ஓடும் அளவுக்குச் சேர்த்துவிட்டால் அதிலும் ஒளுக் கூடும். “அப்படியானால் நான் கேட்டதும் மஸ்அலாதான்!” என்று சிரித்தான். இருவரும் ஏரியில் ஒளுச் செய்து, புல்வெளியில் விரிப்பை விரித்துத் தொழுதோம்.

தொழுது முடித்ததும் எதிரே இருந்த ஒரு முகட்டைச் சுட்டிக் காட்டினான். அதன் உள்ளே உறைந்து இறுகியிருந்த நிலம் இளகுவதால் ஒரு கோடி கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை அசைந்துகொண்டிருக்கிறதாம். அதனால் சில பாதைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். இந்த மலைகளுக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கில், நான் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2025 மே 28 அன்று, பிர்ச் பனிப்பாறை பெயர்ந்து விழுந்து பிளாட்டன் என்னும் ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. ஏறத்தாழ முந்நூறு பேரை முன்னரே வெளியேற்றியிருந்தார்கள், ஒருவர் உயிரிழந்தார். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனிப்பாறைகள் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கின்றன. வாழ்நாளில் முதன்முறையாகப் பனியைத் தொட்ட அன்றே, அது விடைபெற்றுக்கொண்டிருக்கும் செய்தியையும் கேட்டேன்.

ஊர் திரும்பி மக்தபில் பாடம் தொடங்கியது. ஆறாவது தண்ணீர் வந்ததும், பனி என்ற சொல்லின் மூன்று பொருளையும் கரும்பலகையில் எழுதினேன். மாணவன் எடுத்துத் தந்த படத்தைக் காட்டினேன். பனிப்பாறைகள் உருகி வருவதையும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

“ஹஜ்ரத், பனியெல்லாம் உருகித் தீர்ந்துவிட்டால், ஏழு தண்ணீர் ஆறு ஆகிவிடுமா?”

வகுப்பு சிரித்தது. நான் கையமர்த்தினேன். “நல்ல கேள்வி மகளே. எனக்கு விடை தெரியவில்லை. நாளைக்கு எல்லாரும் யோசித்து வாருங்கள், நானும் யோசித்து வருகிறேன்” என்றேன்.