புதுக்கியோர் பெயர்

பழங்கட்டடம் ஒன்றைக் காண்போர் முதலில் கேட்கும் வினா, இதைக் கட்டியவர் யார் என்பதே. இடிந்த சுவரை மீண்டும் எடுத்தவர் யார், நலிந்த மண்டபத்தைச் செப்பனிட்டவர் யார் என்று கேட்போர் அரியர். ஆயிரம் ஆண்டு பழைமையான ஒரு கட்டடம் இன்று நிற்கிறது எனில், கட்டியவர் கைத்திறன் மட்டும் அதற்குக் காரணமாகாது. இடையிடையே யாரோ அதனைக் காத்திருக்க வேண்டும். அத்தகையோர் சிலரின் பெயர்களைப் புதுக்கோட்டை மாவட்டக் கற்கள் மறவாமல் வைத்திருக்கின்றன.

வானம் பார்த்த வயல்களும் கண்மாய்களும் சூழ்ந்த நாட்டுப்புறம் அது. ஆங்காங்கே வெற்றுப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கும். தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்து, 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974இல் தனி மாவட்டமாயிற்று. குகைக் கோயில்களும் கற்றளிகளும் கோட்டைகளும் இங்குச் சிற்றூர்களின் ஓரங்களில், ஆடு மேய்ப்போர் அன்றாடம் கடந்து செல்லும் பாறைகளின்மேல் அமைந்துள்ளன.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வழியில் நார்த்தாமலை உள்ளது. அங்குள்ள குன்றின் சரிவில் மேற்கு நோக்கி நிற்பது விசயாலய சோழீச்சரம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கற்றளியின் கருவறை வட்ட வடிவினது. அதனைச் சூழ்ந்த புறச்சுவர் சதுரமானது. பெயர் சோழ மன்னனை நினைவூட்டினாலும், இங்குள்ள சிறிய கல்வெட்டு வேறு இருவரைக் குறிப்பிடுகிறது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் இக்கோயிலைக் கட்டினான். மழையால் அது இடிந்தழிய, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினான் என்பது அதன் செய்தி. தன் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளும் வாய்ப்பு மல்லன் விடுமனுக்கு இருந்தும், முதலில் கட்டியவன் பெயரும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. இடிந்ததையும் கல் மறைக்கவில்லை.

இக்கோயிலின் எதிரே, பாறையைக் குடைந்து செய்த பழியிலி ஈச்சரம் என்னும் சிறு குகைக் கோயில் இருக்கிறது. அதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. அவன் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு முகமண்டபம் எடுப்பித்தாள். தந்தை தொடங்கிய பணியை மகள் வளர்த்த செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே அமைந்த சித்தன்னவாசல் ஓவியத்தால் புகழ்பெற்றது. அங்குள்ள அறிவர் கோயில் சமணக் குடைவரை. சுண்ணச் சாந்து பூசிய அதன் கூரையில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர்களுக்கிடையே மீன்களும் பறவைகளும் யானைகளும் காணப்படுகின்றன. மலர் கொய்யும் மனிதரும் உளர். இக்குடைவரையை ஒட்டிய பாறையிலும் ஒரு கல்வெட்டு உண்டு. பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னே முகமண்டபமும் எடுத்தார் என்று அது கூறுகிறது.

இளங்கௌதமன் எடுத்த அம்முகமண்டபம் பிற்காலத்தில் அழிந்தது. குடைவரையின் முன்புறம் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில், டாட்டன்ஹாம் சமஸ்தானத்தை நிருவகித்த நாளில், குடுமியான்மலையிலிருந்து பழந்தூண்களைக் கொணர்ந்து முன்மண்டபம் அமைத்தனர். இன்று அம்மண்டபத்தின் நிழலில் நின்று ஓவியம் காண்போர், ஓர் ஊரில் பயன் இழந்த தூண்கள் மற்றோர் ஊரின் வண்ணங்களைக் காத்து நிற்பதையும் காண்கின்றனர்.

காப்பார் உரிய காலத்தில் வாராவிடின் நேர்வது என்ன என்பதைக் கொடும்பாளூர் காட்டுகிறது. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் அங்கு மூன்று கோயில்களை எழுப்பினான். மூவர் கோயில் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் நிற்பவை இரண்டே. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது.

கட்டடத்தின் அழிவு பெரும்பாலும் ஓசையின்றித் தொடங்குகிறது. பறவையின் எச்சத்தில் விழுந்த ஆலம் விதை, கல்லிடுக்கில் வேர்விட்டுப் பருத்துக் கல்லைப் பெயர்க்கிறது. இடுக்கில் இறங்கும் மழைநீர் சாந்தைக் கரைக்கிறது. புகை ஓவியத்தை மறைக்கிறது. மனிதரின் ஆர்வமும் சில வேளைகளில் கேடாகிறது. பொலிவு வேண்டிக் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசுவதும், மணலை விசையுடன் பீய்ச்சிக் கற்சுவரைத் தேய்ப்பதும் எழுத்தை அழிக்கின்றன. புதிதாகத் தோன்றச் செய்வது வேறு, புதுக்குவது வேறு. பழையது பழையதாகவே நிலைக்க வழிசெய்வதே புதுக்குதல். நார்த்தாமலையின் அச்சிறு கல்வெட்டு தேய்ந்திருந்தால், சாத்தன் பூதியும் மல்லன் விடுமனும் ஒருங்கே மறைந்திருப்பர். அக்கோயில் சோழன் பெயரை மட்டும் தாங்கி நின்றிருக்கும்.

கல்லில் பெயர் பொறிப்போர் இன்றும் உளர். சுற்றுலா வரும் சிலர், கூரிய கல்லாலோ ஆணியாலோ பழஞ்சுவர்களில் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். அவர்களும் நினைக்கப்பட விரும்புவோரே. ஆனால் அந்தக் கீறலால் சுவர் பெறுவது காயம் ஒன்றே. மல்லன் விடுமன் பெயர் நார்த்தாமலையில் நிலைத்திருக்கக் காரணம், அவன் தன் பெயரை எழுதியது மட்டுமன்று. எழுதுவதற்கு முன் அச்சுவரை அவன் மீண்டும் எழுப்பியிருந்தான்.