வெளிச்சம் வரும் வழி: அரபுனி அணைக்கட்டுக்கு ஒரு நாள் பயணம்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் கேட்கும் முதற் குரல், "லைற்றை நூருங்கோ" என்பதுதான். ஆல்பனிக்கு வந்த முதற் குளிர்காலத்தில் கிடைத்த மின்சார பில்லைக் கண்டு பயந்த என் மனைவி அன்றிலிருந்து சுவிச்சுகளுக்குக் காவல் இருக்கிறா. அப்படி ஒருநாள் லைற்றை நூர்க்கப் போன மூத்த மகள் திரும்பி வந்து, "அப்பா, கரண்ட் எங்கயிருந்து வருது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது எனக்கு ஒரு வயது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் அ, ஆ படித்தேன். கரண்ட் என்றால் எனக்கு ஐயாவின் சைக்கிள்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஐயா பெடலைக் கையால் சுற்றுவார். பின் சில்லில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். அவருடைய கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். "இஞ்ச ஆர் சுத்துகினம்?" என்று கேட்டாள்.

அதைப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை விடியற்காலை புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

ஆல்பனியில் ஒரு பெரிய துணை மின்நிலையம் இருக்கிறது. நம்மில் பலர் வேலைக்குப் போகும் வழியில் அதன் கம்பிகளைக் கண்டிருப்பீர்கள். 2014ஆம் ஆண்டு முதல் ஒக்லாந்தின் தெற்கிலிருந்து ஒரு பெரிய நிலக்கீழ்க் கேபிளும் துறைமுகப் பாலத்தைக் கடந்து இங்கே வந்து சேருகிறது. நாங்கள் காரில் கடக்கும் அதே பாலத்தில்தான் எங்களுடைய கரண்டும் கடக்கிறது. அது பல இடங்களில் பிறந்து ஒன்றாகக் கலந்து வரும் கரண்ட். இந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரிலிருந்து கிடைக்கிறது. ஒக்லாந்துக்கு மிகக் கிட்டிய பெரிய நீர்மின் ஆறு வைக்காட்டோ.

425 கிலோமீற்றர் நீளமுள்ள வைக்காட்டோதான் நியூசிலாந்தின் மிக நீளமான ஆறு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 357 மீற்றர் உயரத்தில் இருக்கும் தவுப்போ ஏரியிலிருந்து அது இறங்கி வருகிறது. வரும் வழியில் எட்டு அணைகளும் ஒன்பது மின்நிலையங்களும் உள்ளன. ஒரே தண்ணீர் எட்டு அணைகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து வேலை செய்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டும்தான் கரண்டின் கணக்கு. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை.

பம்பாய் மேடு தாண்டி, ஹமில்ரன் நகரைச் சுற்றிப் போகும் புதிய பெருந்தெருவால் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் வந்துவிடும். அதைத் தாண்டியதும் கராபிரோ ஏரி. படகோட்டப் போட்டிகளுக்குப் பெயர்போன ஏரி இது. 2010இல் உலகப் போட்டி இங்கேதான் நடந்தது. கரையில் இருந்து புட்டைச் சாப்பிட்டோம். அமைதியான தண்ணீர். ஆனால் அதன் அடியில் ஒரு பழைய மின்நிலையம் கிடக்கிறது. ஒரு தங்கச் சுரங்கக் கம்பனி 1913இல் கட்டிய ஹோராஹோரா நிலையம் அது. 1947இல் கராபிரோ அணையை நிரப்பியபோது அதை மூழ்கவிட்டார்கள். சிறியதைக் கொடுத்துப் பெரியதை வாங்கினார்கள். ஆற்றோரத்து மாவோரி மக்களுடைய பழைய இடங்களும் அந்த நீருக்குள் போய்விட்டன. அவர்களுக்கு இந்த ஆறு ஒரு மூதாதை. 2010இல்தான் ஆற்றைப் பராமரிப்பதில் அவர்களுக்கும் பங்கு கொடுக்கும் சட்டம் வந்தது.

அந்தக் கரையில் இருந்தபோது கிளிநொச்சியில் எங்கள் அயலில் இருந்த பெரியவரை நினைத்தேன். 1995 இடப்பெயர்வில் நாங்கள் போய்ச் சேர்ந்த காணிக்குப் பக்கத்தில் இருந்தவர். 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்தவர். மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. "மழை பொய்ச்ச வருசம் தண்ணி இறங்கினா எங்க பழைய கோயில் தெரியும் தம்பி" என்பார். அந்த மலைகளில் பிறந்த கரண்ட் கொழும்புக்குப் போனது. அணைகளுக்குப் பக்கத்தில் கொழுந்து பறித்தவர்களின் லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. வெளிச்சத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அது எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

கராபிரோவிலிருந்து ஆற்றோடு மேலே போனால் அரபுனி. வைக்காட்டோவில் அரசாங்கம் முதலில் கட்டிய நிலையம் இதுதான். 1924இல் ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் என்ற இங்கிலாந்துக் கம்பனி வேலையைத் தொடங்கியது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில், வில்லுப்போல வளைந்த 64 மீற்றர் உயரக் கொங்கிரீட் அணை. அணையில் மறித்த தண்ணீரை ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாய்க்காலில் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய குழாய்களால் கீழே உள்ள மின்நிலையத்தில் விழுத்துகிறார்கள். விழும் தண்ணீர் ரேர்பைன் சில்லைச் சுற்றும். அந்தச் சில்லோடு பூட்டிய ஜெனரேற்றர் கரண்டைத் தரும். மகளுக்கு, "ஐயாவின்ர கைக்குப் பதிலா ஆறு சுத்துது" என்று சொன்னேன். விளங்கிக்கொண்டாள்.

வேலையாட்கள் ஊரிலிருந்து நிலையத்துக்குப் போவதற்காக 1920களின் நடுவில் கட்டிய தொங்குபாலம் இன்னும் இருக்கிறது. 152 மீற்றர் நீளம். நாங்கள் போன நாளில் அதில் நடந்தோம். பாலம் ஆடும். மனைவி நடுவழியில் நின்று முருகனைக் கூப்பிட்டா. கீழே மின்நிலையம் முழங்கிக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விசயம். 1929 யூனில் அரபுனி கரண்ட் தரத் தொடங்கியது. சரியாக ஒரு வருடத்தில், 1930 யூனில், வாய்க்காலுக்கும் நிலையத்துக்கும் அருகில் நிலம் நீளமாக வெடித்தது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை அது. வாய்க்கால் தண்ணீர் அந்தப் பாறைக்குள் ஊறி இறங்கியிருந்தது. ஒக்லாந்துக்குக் கரண்ட் தேவை. கொட்டிய காசோ பெருந்தொகை. ஆனாலும் நிறுத்தினார்கள். தண்ணீரை வெளியேற்றினார்கள். சுவீடனிலிருந்து பேராசிரியர் ஹொர்னெல் என்பவரை அழைத்துக் காட்டினார்கள். தண்ணீர் ஊறாதபடி வாய்க்காலுக்கு உட்பூச்சுப் போட்டார்கள். 1932இல் திரும்ப ஓடவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1990களில் அணையின் அத்திவாரத்தில் கசிவு கூடியதைக் கண்டுபிடித்தார்கள். 2005க்குப் பிறகு, இந்த முறை ஏரியை வற்றவிடாமலே, அணையின் மேலிருந்து பாறைக்குள் ஆழமாகத் துளையிட்டு, ஒன்றோடொன்று கோத்த கொங்கிரீட் தூண்களை மதில்போல இறக்கிக் கசிவை அடைத்தார்கள். அணை அசையாமல் நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதன் கசிவை அளந்து பார்க்க எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு வேறு ஒரு நாள் ஞாபகம் வந்தது. இந்த நாட்டில் என் முதல் வேலை, பெயர் வேண்டாம், ஒரு தொழிற்சாலையில். இரவு வேலை. ஒரு மெஷினின் சத்தம் மாறியது. எனக்கு விளங்கியது. சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் நான் வந்து ஆறு கிழமைதான். நிறுத்தினால் வேலை போய்விடும், ஆங்கிலத்தில் என்ன சொல்லி விளங்கப்படுத்துவது என்று பேசாமல் நின்றேன். பத்து நிமிடத்தில் என்னோடு நின்ற சமோவா நாட்டுப் பெடியனுடைய இரண்டு விரல்கள் அகப்பட்டன. அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சுக்குள் இருக்கிறது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், 2015ஆம் ஆண்டின் வேலைத்தலச் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாரதூரமான ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் தொழிலாளி வேலையை நிறுத்தலாம். நிறுத்தியதும் மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். இது அகதியாக வந்தவருக்கும் உள்ள உரிமை.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் ஒரு நாள் அரபுனிக்குப் போய்வாருங்கள். காலையில் வெளிக்கிட்டால் இரவுக்குள் வீடு திரும்பலாம். பாலம் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நிலையம் தண்ணீரைத் திறக்கும்போது ஆறு திடீரென்று உயரும், ஆகையால் அறிவிப்புப் பலகைகளை வாசித்து, பிள்ளைகளைக் கரையில் இறங்க விடாதீர்கள். காட்டித் தாருங்கள், எங்கள் வீட்டு வெளிச்சம் எப்படி வருகிறது என்று.

வேலைக்குப் போகும் சகோதர சகோதரிகளுக்கு ஒன்று. மெஷினில் சத்தம் மாறினால் பயப்படாமல் சிவப்புப் பொத்தானை அமத்துங்கள். ஆங்கிலம் பிறகு வரும். ஒக்லாந்தே கரண்டுக்குக் காத்திருந்த 1930இல், ஒரு முழு ஆற்றையே நிறுத்திப் பார்த்தவர்களின் நாடு இது.