முடிந்ததும் அறுந்ததும்

சித்திரபுரத்துக்கு விடுமுறையில் வந்து பத்து நாள் ஆகிறது. ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதுவதற்காகவே வந்தேன். எழுதியதென்னவோ, சி மொழியில் நாற்பது வரிக்குக் குறைவான ஒரு திருத்தம். மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்கு உழல்பவளுக்குக் குறுந்தகடு எழுதும் மென்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பதில் சற்று நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா பிறந்தது இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மாவின் ஆச்சி தென்காசிப் பக்கமிருந்து சிறுமியாக மலையேறியவர். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் கண்ணால் கண்டவர். கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். மூணாற்றுக்கு அன்றிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அந்த மழையில் போனதுதான். பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. ஆச்சியின் தகப்பனாரும் அந்த வெள்ளத்தில்தான் போனார். எப்படிப் போனார் என்பதை ஆச்சி ஒருமுறை முழுவதுமாகச் சொல்லியிருக்கிறார். 1994-இல் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை ஒலிநாடாவில் பிடித்தார். இந்த ஊர் ஈரத்தில் நாடாக்கள் பூசணம் பிடிக்கத் தொடங்கவே, 2007-இல் யாரிடமோ கொடுத்து எல்லாவற்றையும் குறுந்தகட்டில் மாற்றி வாங்கினார். நாடாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தகடு நன்றாக இருந்தது. உறையில் தம் கையால் "68 நிமிடம்" என்று எழுதியிருந்தார். இயக்கியில் இட்டால் அதுவும் 68 நிமிடம் என்றே காட்டியது.

நாற்பத்தோராம் நிமிடத்தில் ஆச்சி, "பாலத்துக்கு அங்கிட்டு எங்கய்யா நி" என்கிறார். அவ்வளவுதான். மீதி இருபத்தேழு நிமிடம் ஒன்றுமில்லை.

தகடு கீறியிருக்கும் என்றே முதலில் நினைத்தேன். கீறிய தகடு திக்கும், தாவும், கரகரக்கும். இது அப்படிச் செய்யவில்லை. ஒலியியல் ஆய்வுக்கு நாங்கள் எல்லோரும் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில் அலைவடிவத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலிநாடாவில் பேசாத இடம் ஒருபோதும் வெறுமையாக இருக்காது. நாடாவின் இரைச்சல் இருக்கும். மோட்டாரின் முனகல் இருக்கும். ஆச்சியின் பதிவில் தகரக் கூரை மேல் தூறலும் இருக்கிறது. நகரத்துக்குப் பிறகு அந்த இரைச்சலும் இல்லை. மாதிரிக்கு மாதிரி துல்லியமான சுழியம். இயற்கையில் அப்படியொரு மௌனம் கிடையாது. நாடா அங்கே நிற்கவில்லை. ஆசிரியர் பொத்தானை அழுத்தவும் இல்லை. வட்டில் எழுதிய நிரல்தான் மீதியைச் சுழியத்தால் நிரப்பி மூடியிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆய்வேட்டோடு களப்பதிவுகளையும் குறுந்தகட்டில் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. (இந்தக் காலத்திலா என்று கேட்காதீர்கள், விதி விதிதான்.) போன மாதம் ஆறு தகடுகள் எழுதி வைத்திருந்தேன். ஆய்வகத்தில் எனக்கு முன்பிருந்த ஒருவர் எழுதிவிட்டுப் போன சிறு நிரலைத்தான் பயன்படுத்தினேன். ஆறுக்கும் "வெற்றிகரமாக முடிந்தது" என்றே அது சொல்லியிருந்தது. ஆறையும் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தகட்டில் ஐம்பத்திரண்டாம் நிமிடத்திலிருந்து அதே சுழியம். அதை வெளிவட்டிலிருந்து எழுதியிருந்தேன். வெளிவட்டின் கம்பி தளர்ந்திருந்தது. மூலக்கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன்.

அதன் பிறகே அந்த நிரலைத் திறந்து படித்தேன்.

ஒலித்தகட்டுக்கு விநாடிக்கு 75 துண்டுகள், துண்டுக்கு 2352 பைட்டு. ஆக விநாடிக்கு 1,76,400 பைட்டு. பதினாறு மடங்கு வேகத்தில் எழுதினால் அதைப் பதினாறால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகட்டில் ஒளிக்கதிர் ஓடத் தொடங்கிவிட்டால் தரவு இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். கோப்பிருக்கும் வட்டோ சில வேளை தயங்கும். ஆகவே இடையில் ஒரு தொட்டி தேவை. அதைத்தான் பஃபர் என்கிறார்கள்; நாம் இடையகம் என்போம். எங்கள் லயத்தில் ஊற்றுநீர் ரப்பர் குழாய் வழியாக ஒரு பீப்பாயில் விழும். பீப்பாயின் அடியில் குழாய்த்திருகு. மேலே ஊற்று விக்கி விக்கி வந்தாலும் கீழே நீர் சீராக வரும். நிரலிலும் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று கோப்பிலிருந்து படித்து இடையகத்தை நிரப்புகிறது. மற்றொன்று அதிலிருந்து எடுத்து எழுதியிடம் கொடுக்கிறது. எழுதுபவனுக்குக் கோப்பு தெரியாது. இடையகம் மட்டுமே தெரியும்.

பீப்பாய் காலியாகிவிடுமோ என்ற அச்சம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. இடையகம் வறண்டால் தகடு வீண். 2000-இல் சான்யோ நிறுவனம் பர்ன்-புரூஃப் என்ற நுட்பத்தைக் கொண்டுவந்தது. தரவு நின்றால் கதிரை நிறுத்திவைத்து, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஏற்பாடு. பிறகு அந்த அச்சம் ஓய்ந்தது. எனக்குத் தோன்றுவது: வறண்ட இடையகம் சத்தம் போட்டுச் சாகிற பிழை, அதனால் எல்லோரும் அதற்கு மருந்து தேடினார்கள். ஊற்றே அறுந்துபோவது சத்தமில்லாத பிழை.

சி மொழியில் கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் என்ற கட்டளையிடம் ஐந்து படி கேட்டால், எத்தனை படி கிடைத்தது என்று மட்டும் சொல்லும். குறைவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: கோப்பு முடிந்துவிட்டது, அல்லது படிக்கையில் பழுது நேர்ந்தது. இரண்டுக்கும் அது தரும் விடை ஒன்றே. எந்தக் காரணம் என்று அறிய ஃபெரர் என்ற வேறொரு கட்டளையைத் தனியே கேட்க வேண்டும். நெல்லைப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும்போது வாழையும் வாளையும் ஒரே ஒலியாவதைப் போல. மரமா மீனா என்பது சூழலில் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். எங்கள் நிரல் கேட்கவில்லை. குறைவாக வந்ததா, முடிந்தது என்று குறித்துக்கொண்டது.

எஃப்ரீட்டுக்கு அடியில் இயங்குதளத்தின் ரீட் என்ற அழைப்பு இருக்கிறது. அது இவ்வளவு குழப்பமில்லாதது. பைட்டுகள் கிடைத்தால் அந்த எண்ணிக்கை, முடிந்துவிட்டால் 0, பழுதானால் -1. நம் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. ஆனாலும் அது எழுவாய் என்று தெரிகிறது. மற்ற வேற்றுமைகளுக்கு உருபு இருப்பதால்தான் இந்த இன்மைக்குப் பொருள் வருகிறது. ரீட் தரும் சுழியத்துக்கும் -1 தனியாக இருக்கும் வரைதான் பொருள்.

எங்கள் நிரலில் மூன்று சுழியங்கள் கைகோத்திருந்தன. பழுதைப் படித்து "முடிந்தது" என்ற சுழியமாக்கியது முதல் படி. தடத்தின் நீளத்தை முன்கூட்டியே வட்டில் அறிவித்துவிட்டதால், குறைந்த இடத்தை நிரப்பியது ஒலியில் மௌனம் எனப்படும் சுழியம். எல்லாம் ஆனதும் நிரல் இயங்குதளத்துக்குத் திருப்பித் தந்ததும் சுழியம். யூனிக்ஸ் மரபில் அதற்கு வெற்றி என்று பொருள். ஒவ்வொரு சுழியமும் தன்னளவில் சரிதான். ஆச்சியின் தகட்டை எழுதிய மென்பொருள் வேறு. அங்கும் ஏறக்குறைய இதுவே நடந்திருக்க வேண்டும்.

திருத்தம் சிறியது. குறைவாக வந்தால் ஃபெரரைக் கேட்பது. பழுது என்றால் பிழை எண்ணை உடனே எடுத்து வைப்பது (அடுத்த அழைப்பு அதை அழித்துவிடலாம்). எழுதும் இழைக்குச் சொல்வது. முதல் நாள் இரவே முடித்துவிட்டேன். முடித்தது தப்பு. பழுது தெரிந்த கணமே ஒரு கொடியை உயர்த்தினேன். எழுதும் இழை கொடியைக் கண்டதும் நின்றது. ஆனால் அந்த நேரத்தில் இடையகத்தில் நான்கு மெகாபைட் நல்ல தரவு காத்திருந்தது. ஒலியில் அது ஏறத்தாழ 24 விநாடி. ஒரு பிழையைச் சொல்கிறேன் பேர்வழி என்று, ஆச்சி சொல்லி முடித்த நான்கைந்து வாக்கியங்களையும் சேர்த்து எறிந்திருப்பேன். பிழையும் தரவைப் போலவே வரிசையில் வர வேண்டும். கொடியை எடுத்துவிட்டு, இடையகத்தில் எந்தப் பைட்டுக்குப் பின் பழுது என்ற குறியை வைத்தேன். எழுதும் இழை அதுவரை உள்ளதையெல்லாம் எழுதிவிட்டுக் குறியை அடைகிறது.

அடைந்த பின் என்ன செய்வது? இதற்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. பாதியில் நிறுத்தினால் நேர்மையாக இருக்கும், ஆனால் மூடப்படாத தகட்டைப் பெரும்பாலான இயக்கிகள் படிக்கா. செத்துக்கொண்டிருக்கும் வட்டிலிருந்து எடுக்கும்போது அந்தத் தகடே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். ஆகவே மௌனத்தால் நிரப்பி முறைப்படி மூடட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் வெற்றி என்று சொல்லக் கூடாது. கோப்பின் பெயர், நிமிடம், விநாடி, துண்டு, பழுதின் வகை எல்லாவற்றையும் திரையிலும் குறிப்பேட்டிலும் எழுதி, சுழியமல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும். நண்பர் ஒருவர் நிறுத்துவதே சரி என்று இன்னும் வாதாடுகிறார்.

மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடியபோது லிப்பர்ன் என்ற கட்டற்ற நூலகத்தைப் படித்தேன். 2006 முதல் தாமஸ் ஷ்மிட் முதலானோர் லிப்பர்னியா திட்டத்தில் வளர்த்துவருவது. அதில் உள்ளீட்டு மூலம் எதுவானாலும் முடிவுக்கு 0, பழுதுக்கு -1 என்று ஒப்பந்தமே இருக்கிறது. செய்திகளுக்குக் கடுமை வரிசையும் வைத்திருக்கிறார்கள்: நோட், ஹின்ட், வார்னிங், அதற்கு மேல் சாரி, பிறகு மிஷாப், ஃபெயிலியர், ஃபேட்டல். எச்சரிக்கைக்கும் தோல்விக்கும் நடுவே ஒரு "மன்னிக்கவும்". பேச்சுச்செயல் கோட்பாட்டை வகுப்பில் நடத்தும்போது இனி இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு ஓட்டையை எஃப்ரீட்டால் அடைக்கவே முடியாது. சுருக்கிய ஒலிக்கோப்பை வேறொரு நிரல் விரித்து, குழாய் வழியாக நமக்கு அனுப்புகிறது என்று வையுங்கள். அந்த நிரல் நடுவில் செத்தால் குழாய் மூடிக்கொள்ளும். நமக்கு வருவது உண்மையான 0. பழுதே இல்லை, வெறும் முடிவு. அனுப்பியவன் எப்படிச் செத்தான் என்று அவனது வெளியேற்ற எண்ணைத் தனியே விசாரிக்க வேண்டும். அதையும் சேர்த்தேன்.

சோதிக்கத் தகடுகளை வீணாக்கவில்லை. கதிரைக் கூட்டாமல் எழுதுவதுபோல் நடிக்கும் முறை எழுதிகளில் உண்டு. பென் டிரைவில் கோப்பை வைத்து, நடுவில் பிடுங்கினேன். நிரல் மகிழ்ச்சியாகக் கடைசி வரை ஓடியது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகே புரிந்தது: சற்று முன்தான் அந்தக் கோப்பை அதில் பதித்திருந்தேன், இயங்குதளம் முழுவதையும் நினைவகத்தில் வைத்திருந்தது. கணினியை அணைத்து எழுப்பி மறுபடி பிடுங்கியபோது, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று நேரத்தோடு அழகாக வந்தது. ஒரு பிழைச்செய்தியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆச்சியின் குரலை அம்மாவுக்கு நேற்று போட்டுக் காட்டினேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். "நி" என்று அறுந்ததும் இன்னொரு "ம்" கொட்டினார். பதில் வராமல் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டா?"

"இல்லம்மா. அறுந்துபோச்சு."

"ஆமா, இதுக்குப் பொறவும் இருக்கு. சின்னதுல கேட்டிருக்கேன். அவுக நின்னாகளா, நீந்துனாகளா... எனக்குத்தான் சரியா வரல."

எழுத்துப்படியில் "நி"க்குப் பின் புள்ளி வைக்கவில்லை. 41:07, பதிவு அறுந்தது என்று மட்டும் குறித்தேன். அம்மா சொன்னதை வேறு நிறத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆசிரியர் வீட்டிலிருந்து வந்த தகடுகளில் இன்னும் பதினொன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி மாற்றி வாங்கிய தகடுகள் இருந்தால், மூல நாடாவை எறிவதற்கு முன் கடைசி நிமிடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திருத்திய நிரல் வேண்டுவோர் உள்பெட்டியில் கேட்கலாம்.