அம்மா படிக்க முடியாத தமிழ்

திங்கள், கிள்ளான்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, பாப்பா என்னமோ அனுப்பியிருக்கு. படிச்சுச் சொல்லு." குடும்பப் புலனக் குழுவில் என் மகள் எழுதியிருந்தாள்: சனிக்கிழமை வருகிறாள், பாட்டி இடியாப்பம் செய்ய வேண்டுமாம். முழுக்கத் தமிழ்தான்; எழுத்து மட்டும் ரோமன்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். 'தமிழ் நேச'னைத் தலைப்புச் செய்தி முதல் மரண அறிவிப்புவரை ஒரு வரி விடாமல் படிப்பார். 1924இல் தொடங்கிய அந்த நாளேடு 2019 ஜனவரியோடு நின்றபோது, கடைசி இதழை மடித்துப் பெட்டியில் வைத்தார். அப்படிப்பட்டவரை எங்கள் குடும்பக் குழுவிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவராக ஆக்கிவிட்டோம். மகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் எழுதி வந்தேன்.

செவ்வாய், கொமுட்டர் ரயிலில்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல்வரை இதே நினைப்பு. கணினியில் தமிழ் வருவதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். முத்து நெடுமாறன் 'முரசு அஞ்ச'லை 1985இல் உருவாக்கினார். அவருடைய 'செல்லினம்' 2005 பொங்கலையொட்டிக் கைப்பேசிக்கு வந்தது. ஒரு எழுத்துருவில் எழுதிய கடிதம் இன்னொருவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லையும் தீர்ந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இதே கோலாலம்பூரில்தான். இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்துத் திறந்து வைத்த கதவு. நாமோ வாசலிலேயே நிற்கிறோம்.

வியாழன், பிரிக்பீல்ட்ஸ்

ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைகள், துணிக்கடைகள். பலகைகளில் தமிழ் பளிச்சென்று இருக்கிறது. மாலை வாங்கிய கடையில் நின்ற இளைஞர் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், ரோமனில். கேட்டேன். "தமிழ்ல தட்டுனா நேரமாகும் அண்ணே" என்றார்.

அவர் கைப்பேசியிலேயே அஞ்சல் விசைப்பலகையைச் சேர்த்துக் காட்டினேன். ரோமனில் ஒலியைத் தட்டும் அதே பழக்கம்தான். திரையில் விழுவது மட்டும் தமிழ். 'வணக்கம்' என்று தட்டிப் பார்த்தவர், "இவ்வளவுதானா அண்ணே?" என்றார். 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் ஐபோனிலேயே இந்த முறை இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் இருக்கிறது. நேரமாகும் என்பது பழக்கம் வரும்வரை சொல்லும் சாக்கு. ரோமனில் எழுதினால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். எழுதும்போது நாம் மிச்சம்பிடிக்கும் நேரத்தைப் படிப்பவரிடமிருந்து பிடுங்குகிறோம்.

சனி, கிள்ளான்

மகள் வந்தாள். விசைப்பலகையைச் சேர்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. எழுத்துகள் மறக்கவில்லை, எழுத இடமில்லாமல் இருந்தன. 'பாட்டி, இடியாப்பம் நல்லா இருந்துச்சு' என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே குழுவில் எழுதினாள்.

அடுப்படியில் இருந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். உரக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். யாரிடமும் கைப்பேசியை நீட்டவில்லை.

1816இல் பினாங்கில் தொடங்கியது இந்நாட்டின் தமிழ்க்கல்வி. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கற்ற எழுத்து தேர்வுத் தாளோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் வீட்டிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். இன்றிரவே விசைப்பலகையை மாற்றி, அவருக்கு ஒரு வரி தமிழில் எழுதுங்கள்.