கண்ணை மூடினால் சாய்கிறார் அம்மா

ஜெஞ்சாரோம் பக்கம் சதுப்பு நிலத்துச் செம்பனைகள் பல சாய்ந்தே நிற்கும். மண் அமுங்க அமுங்க வேரின் பிடி தளரும். அம்மாவுக்கும் இப்போது பிடி தளர்ந்துவிட்டது. முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறார்.

நேராக நிற்கிறோம் என்பதைக் கண்ணும் உள்காதும் பாதமும் மூட்டுகளும் சேர்ந்துதான் உடலுக்குச் சொல்கின்றன. பல வருட இனிப்புநீர் அம்மாவின் பாதங்களை மரத்துப்போக வைத்துவிட்டது. இத்தனை நாளும் கண்தான் அவரைத் தாங்கியிருக்கிறது! டாக்டர் காலைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ரொம்பர்க் விவரித்த சோதனை அது. அம்மா சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன்.

சுவரில் விரல்நுனி பட்டாலே ஆட்டம் குறைகிறது. குளியலறையில் கைப்பிடி போட்டுவிட்டோம். இரவில் விளக்கை அணைப்பதில்லை.

வீட்டில் இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தைப் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள்.