பெயர்கள் எங்கே போயின?

மேகம் என்றவுடன் நம் மனக்கண் முன் வருவது கார்காலமும் மழையும்தான். ஆனால் இந்நாளில் புகைப்படம் எங்கே என்று கேட்டாலும் மேகத்தில் இருக்கிறது, பாடக்குறிப்பு எங்கே என்று கேட்டாலும் மேகத்தில் இருக்கிறது என்கிறார்கள். உண்மையில் அங்கே மேகமும் இல்லை, வானமும் இல்லை. ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடத்தில், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றில் ஒரு மூலையை நாம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவே! வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள் அல்லவா? இந்த வாடகை வீட்டுக்கும் அப்படிச் சில சட்டங்கள் உண்டு. அவை தெரியாமல் எங்கள் பங்கின் இரத்ததானப் பட்டியல் மூன்று முறை காணாமற்போயிற்று.

என் அக்கா பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பங்கின் இளைஞர் இயக்கத்தார் கேட்டுக்கொண்டபடி, இரத்தம் கொடுக்க முன்வருவோரின் பெயர், இரத்த வகை, தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றைப் பதிந்து வைக்க ஒரு செயலி எழுதினாள். எழுதிய மொழி ஜாவா. ஜேம்ஸ் காஸ்லிங் என்பவரும் அவருடைய தோழர்களும் உருவாக்க, 1995-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட மொழி அது. ஒரு தடவை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதே அதன் பெருமை. ஆனால் எங்கும் ஓடுவது வேறு, ஓடிய இடத்தில் நடந்ததை நினைவில் வைத்திருப்பது வேறு என்பதை நாங்கள் பிறகுதான் கண்டோம்.

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு 42 பேரைப் பதிந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஓ நெகட்டிவ். நம் நாட்டில் மிக அரிதான வகை அது. அந்த வகையினருக்கு அதே வகை இரத்தத்தைத்தான் ஏற்ற முடியும். அவர் பெயர் வந்தபோது இளைஞர்கள் கைதட்டினார்களாம்!

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பட்டியலில் ஐந்தே பெயர்கள். சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று அக்கா ஆரம்பத்தில் விளையாட்டாக எழுதி வைத்திருந்த பெயர்கள். நாற்பத்திரண்டு பேரில் ஒருவரும் இல்லை. "ஏட்டில் எழுதியிருந்தால் இப்படிப் போகுமா?" என்று அம்மா கேட்டார்கள். அக்கா பதில் பேசவில்லை. மறுபடியும் எல்லோரிடமும் போய்க் கேட்பது எளிதா? "எங்கள் நம்பரை யாரிடமாவது கொடுத்துவிட்டீர்களா?" என்று இருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள். அந்த வாரமே ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. இளைஞர் இயக்கத் தலைவருக்கு அந்த மனிதரின் முகம் நினைவிருந்தது, எண் நினைவில்லை. மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்தார். இறைவன் அருளால் தாயும் சேயும் நலம். ஆனால் அன்று அக்கா தூங்கவேயில்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது கமிட் என்னும் ஒரு செயலின்மீது. தரவுத்தளத்தில் நாம் எழுதுவதெல்லாம் உடனே நிலைத்துவிடுவதில்லை. எழுதி முடித்தேன், உறுதி செய் என்று ஒரு கட்டளை தர வேண்டும். அதுவே கமிட். அது நிகழ்ந்துவிட்டால் அடுத்த நொடி மின்சாரம் போனாலும் எழுதியது அழியக் கூடாது. கடைக்கணக்கு எழுதுவோர் எதையும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? நல்ல தரவுத்தளமும் அப்படியே. மாற்றத்தை முதலில் வட்டில் உள்ள குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே உறுதியாயிற்று என்று சொல்லும். நடுவில் விழுந்து எழுந்தாலும் குறிப்பேட்டைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும்.

இந்தக் கலையை உலகுக்கு வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர். இதற்காக 1998-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரி 28 அன்று, இறந்துபோன தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காக அவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் புறப்பட்டார். திரும்பி வரவில்லை. கடலோரக் காவல் படை தேடியது. செயற்கைக்கோள் எடுத்த கடற்படங்களை ஆயிரக்கணக்கான மக்கள் வீட்டிலிருந்தபடியே கூர்ந்து பார்த்துத் தேடினார்கள். படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. எழுதியது அழியாதிருக்க வழி சொன்ன மனிதர் சுவடு இல்லாமல் போனார் என்று அக்கா சொன்னபோது என் மனம் கனத்தது.

ஆனால் எங்கள் குற்றவாளி கமிட் அன்று. உறுதி செய்யப்படாத எழுத்து அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஞாயிறன்றோ, வாசலில் பதிந்த பெயர்களைப் பங்குத் தந்தை அவர்கள் தம் அறையில் இருந்தபடி வேறொரு கைபேசியில் பார்த்தார்கள். ஆகவே கமிட் நடந்திருக்கிறது. எழுதப்பட்டது, பிறகு அழிந்தது. எப்போது?

அதைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அக்கா ஒரு பொய்ப் பெயரைப் பதிவாள். நான் அவ்வப்போது பார்த்து ரஃப் நோட்டில் நேரத்துடன் குறித்துக்கொள்வேன். இரவு 9.10, இருக்கிறது. 9.25, இருக்கிறது. பிறகு ஜெபமாலை, படுக்கை. காலை 7.25, இல்லை! சர்வர் தன் நடவடிக்கைகளைத் தானே எழுதிக்கொள்ளும் லாக் என்ற பதிவில், 7.25-க்குச் சற்று முன் என்ன நடந்தது என்று தேடினோம். அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் 1.54-இல் செயலி புதிதாகத் தொடங்கியதாக ஒரு வரி இருந்தது. அக்கா சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அது லண்டன் கணக்குடி. ஐந்தரை மணி கூட்டிப் பார்." 7.24! நான் கைபேசியில் பக்கத்தைத் திறந்த அதே நிமிடம்.

பிறகு முடிச்சு அவிழ்ந்தது. இலவச வாடகையில் ஓடும் செயலியைக் கொஞ்ச நேரம் யாரும் நாடி வராவிட்டால் அது நிறுத்தப்படும். யாராவது வந்தால் மறுபடி எழுப்பப்படும். அப்படி எழும்போதெல்லாம் சோதனைப் பெயர்கள் ஐந்தையும் தானே எழுதிக்கொள்ளும்படி ஒரு கோப்பு செயலியுடன் வைக்கப்பட்டிருந்தது. திங்கள் காலையில் அந்த ஐந்து மட்டும் நின்றது அதனால்தான். மற்றவை? அக்கா பயன்படுத்திய ஸ்பிரிங் பூட் என்னும் கட்டமைப்புக்கு ஒரு குணம் உண்டு. தரவுத்தளத்தின் முகவரியை நாம் தராவிட்டால், எச்2 என்னும் சிறு தரவுத்தளம் கூடவே இருந்தால், அதைக் கணினியின் தற்காலிக நினைவகத்திலேயே உண்டாக்கிக்கொள்ளும். செயலி நின்றால் அந்த நினைவகமும் போயிற்று, பெயர்களும் போயின. முகவரி தரவில்லையே என்று அது நின்று கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். கேளாமலே செய்த உதவி இப்படி வினையாயிற்று. "கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி தெரியுமா?" என்று அக்கா வாதாடினாள். எனக்கென்னவோ ஒப்பவில்லை. வீட்டில் ஓட்டிய நாட்களிலும் பெயர்கள் அழிந்துதான் இருக்கும். சோதனைப் பெயர் போனால் யார் அழுவார்?

அடுத்து, எச்2 தரவுத்தளத்தை நினைவகத்தில் வைக்காமல் கோப்பில் எழுதும்படி ஒரு வரியை மாற்றினாள். வீட்டு மடிக்கணினியில் பத்துத் தடவை நிறுத்தி எழுப்பினாலும் பெயர்கள் அப்படியே இருந்தன. மகிழ்ச்சியோடு மேகத்தில் ஏற்றினாள். மக்களும் மீண்டும் வந்து பதிந்தார்கள். இம்முறை அம்மாவின் வற்புறுத்தலால் லாங் சைஸ் நோட்டிலும் எழுதிக்கொண்டோம். நல்லதாயிற்று! மறுநாளே பட்டியல் காலி. மேகத்தில் செயலி ஓடும் பெட்டியைக் கன்டெய்னர் என்கிறார்கள். அது சத்திரத்து அறை போன்றது. விருந்தினர் வெளியேறியதும் பெருக்கித் துடைத்து, பழையபடியே ஆக்கிவிடுவார்கள். தலையணையின்கீழ் மறந்து வைத்த கடிதம் அடுத்த நாள் இருக்காது. நிரந்தர வட்டு ஒன்றைத் தனியே கேட்டு வாங்கி இணைத்தாலன்றி, அங்கே எழுதிய கோப்பு செயலியின் அந்த ஓட்டத்தோடு முடிந்துபோகும்.

மூன்றாவதாக, போஸ்ட்கிரெஸ் என்னும் பெரிய தரவுத்தளத்தைத் தனி இடத்தில் அமர்த்தினாள். செயலி தூங்கினாலும் அது தூங்காது. இனிப் பயமில்லை என்று நினைத்தோம். ஆனால் செயலி எழுந்ததும், அந்தோ, மீண்டும் காலி! இம்முறை போனவை பொய்ப் பெயர்கள்தான். உண்மைப் பெயர்களை ஏற்ற அக்காவுக்குத் துணிவு வரவில்லை. ஜாவாவுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நின்று பேசும் ஹைபர்நேட் என்னும் கருவிக்கு, அட்டவணைகளை உண்டாக்கு என்னும் பொருளில் கிரியேட் என்ற சொல் அமைப்புக் கோப்பில் தரப்பட்டிருந்தது. முதல் நாளில் அது வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் இருக்கும்வரை, ஒவ்வொரு தொடக்கத்திலும் அது பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். தினமும் காலையில் பழைய பதிவேட்டைக் கொளுத்திவிட்டுப் புதியது வாங்கும் எழுத்தரைக் கற்பனை செய்து பாருங்கள்! அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சரிபார் என்னும் பொருளுள்ள வேலிடேட் என்பதை எழுதினாள். இனி அது அட்டவணைகளைப் பார்க்கும், தொடாது.

பெயர்கள் மறையும் விதம் மூன்று முறையும் ஒன்றுபோலவே இருந்தது. காரணமோ வேறு வேறு. செயலி மட்டும் ஒவ்வொரு தடவையும் "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. அது பொய்யும் சொல்லவில்லை. எங்கே சேமித்தாய் என்று நாங்கள்தான் கேட்கவில்லை. இப்போது அக்கா ஒரு மாற்றம் செய்தால், பெயரைப் பதிந்து, வேண்டுமென்றே சர்வரை நிறுத்தி எழுப்பிப் பார்த்த பிறகுதான் சாப்பிட வருகிறாள். சோறு ஆறிப்போகிறது என்று அம்மாவுக்கு வருத்தம்.

நிலைத்துவிட்டது என்பதும் முழுக் காவல் ஆகாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் அழிக்கும் கட்டளையைத் தந்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு நொடிகளில் போயிற்று. அவர்கள் வைத்திருந்த ஐந்து விதமான பாதுகாப்புகளில் ஒன்றும் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகலே காப்பாற்றியது. நடந்ததையெல்லாம் மறைக்காமல் உலகறிய எழுதினார்கள். அதைப் படித்த பிறகு அக்கா வாரந்தோறும் நகல் எடுக்கிறாள். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பெயர்களை எண்ணுவது என் பொறுப்பு. சென்ற வாரம் 61.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் கழித்தே மறுபடி கொடுக்கலாம். ஆகையால் தேதி பிசகக் கூடாது. ஆனால் பட்டியலில் சிலருடைய தேதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது. நமக்கு நள்ளிரவில் பிறக்கும் நாள், அந்த லண்டன் கணக்கில் முந்தைய நாள் மாலை 6.30 அல்லவா? மணிநேரமே இல்லாமல் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும் லோக்கல்டேட் என்னும் வகை, 2014-இல் வெளிவந்த ஜாவா 8 முதல் இருக்கிறது. அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஏற்கெனவே தவறாகப் பதிந்தவற்றை அம்மாவின் லாங் சைஸ் நோட்டைப் பார்த்து நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருத்துகிறாள். இருபத்தெட்டு முடிந்துவிட்டது.