உப்பு மூட்டையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் கற்றுவரும் சொற்கள் சில வேளைகளில் நம் இல்லங்களில் சிறு சலசலப்பை உண்டாக்கிவிடுகின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்று 'பிக்கிபேக்'. ஒருவரை முதுகில் ஏற்றிச் சுமப்பதை ஆங்கிலத்தார் இவ்வாறு அழைக்கின்றனர். 'பிக்' என்றால் பன்றி. 'பேக்' என்றால் முதுகு. மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம், "ஹஜ்ரத், தங்கச்சியை முதுகுல தூக்கிக்கிட்டு இப்படி ஒரு பேரைச் சொல்லுது பிள்ளை. நாம இதைச் சொல்லலாமா?" என்று கவலையோடு கேட்டார்.

மார்க்கப் பற்றினால் எழுந்த கேள்வி அது. ஆகவே அச்சொல்லின் பிறப்பை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் 'பிக் பேக்' என்று வழங்கியது. ஆனால் அங்கே 'பிக்' என்பது பன்றியன்று. 'பேக்' என்பது முதுகுமன்று. 'எடுத்து எறிந்து ஏற்றுதல்' என்ற பொருளுடைய ஒரு வினைச்சொல்லின் வட்டார வழக்கே முன்பாதியாக இருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. பின்பாதியோ மூட்டையைக் குறிப்பது. அதாவது, மூட்டையைத் தூக்கி ஏற்றுவதுபோல் ஆளை ஏற்றிக்கொள்ளுதல். காலப்போக்கில் பழைய வினைச்சொல்லின் பொருளை மக்கள் மறந்தனர். மூட்டையைக் குறித்த சொல், ஓசை ஒற்றுமையால், முதுகைக் குறிக்கும் சொல்லாயிற்று. முன்பாதியும் அவ்வாறே தேய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்றியின் பெயராக உருமாறியது. பன்றி எவரையும் சுமக்கவுமில்லை. பன்றியை எவரும் சுமக்கவுமில்லை. வாய்மொழியின் பிழையால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது, அவ்வளவே.

'ஹாம்பர்கர்' என்ற உணவுப் பெயரும் இத்தகையதே. அதன் முதலெழுத்துகளில் பன்றித் தொடையிறைச்சியின் ஆங்கிலப் பெயர் ஒலிப்பதால் மயங்குவோர் உண்டு. ஆனால் அப்பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்தது. உண்ணத் தக்கதா என்பதை உள்ளே வைத்த இறைச்சியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும், பெயரைக் கேட்டன்று.

இனி, நம் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தார் மறந்துவிட்ட அந்த மூட்டையை நம் தமிழ் மறக்கவேயில்லை. 'உப்பு மூட்டை' என்று நம் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையை முதுகில் தொங்கவிட்டு, "உப்பு வாங்கலையோ உப்பு" என்று கூவியபடி வீட்டைச் சுற்றிவரும் விளையாட்டை அறியாதவர் நம்மில் யார்?

ஏன் உப்பு? சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். இந்தச் சமவெளியில் சோளம் விளையும், நிலக்கடலை விளையும், மரவள்ளி விளையும், உப்பு விளையாது. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் விளைந்த உப்பு பிறர் சுமந்து வந்தால்தான் நம் அடுப்படிக்கு வரும். வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு நோக்கிச் சென்ற உமணர்களைச் சங்க இலக்கியம் பேசுகிறது. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையை நடத்திச் சென்ற இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தவர். அந்த யாத்திரையின் வழிநடைப் பாடலை எழுதியவர் நாமக்கல் கவிஞர். கடலே காணாத மண், உப்பின் அருமையை உணர்ந்திருந்தது! முதுகில் ஏறிய பிள்ளைக்கு அந்த அரும்பொருளின் பெயரைச் சூட்டியது எத்துணைப் பொருத்தம்! சுமையும் அதுதான், சுவையும் அதுதான்.

ஆங்கிலச் சொல் இன்று விளையாட்டைக் கடந்து வளர்ந்துவிட்டது. சரக்கு லாரிகளை ரயில் பெட்டிமீது ஏற்றிச் செல்வதையும் அச்சொல்லால் குறிக்கின்றனர். கொங்கண் ரயில்வே 1999இல் அத்தகைய சேவையைத் தொடங்கியது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி மக்களுக்கு அது வியப்பான காட்சியன்றோ! மருத்துவமனையில், நரம்பில் ஏறும் பெரிய மருந்துப் புட்டியின் குழாயோடு சிறு புட்டி ஒன்றை இணைத்துத் தொங்கவிடுவதற்கும் அதே பெயர். விண்வெளித் துறையிலும் அது உண்டு. 2009 ஏப்ரல் 20 அன்று, பெரிய செயற்கைக்கோள் ஒன்றைச் சுமந்த ராக்கெட்டிலேயே, அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான சுமார் 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' துணைப்பயணியாக ஏறி விண்ணை அடைந்தது.

நல்ல பொருள்களோடு ஓர் இழிபொருளும் சேர்ந்துகொண்டது. அண்டை வீட்டாரின் இணைய இணைப்பை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்துவதையும், பிறர் உழைப்பின்மீது ஏறிச் சவாரி செய்வதையும் அதே சொல்லால் சுட்டுகின்றனர். முதுகில் ஏறுவது ஒன்றுதான். ஆனால் ஏற்றிக்கொண்டவர் மனமுவந்து ஏற்றிக்கொண்டாரா, ஏறியவர் அதை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

சகோதர சகோதரிகளே! அரபு மொழியில் 'ஹம்ல்' என்பது சுமத்தலையும் குறிக்கும். தாயின் கர்ப்பத்தையும் குறிக்கும். அதே வேரில் பிறந்த 'ஹம்மால்' என்பது சுமை தூக்குபவரைக் குறிக்கும். தெலுங்கு, கன்னட நாடுகளின் கடைவீதிகளில் 'ஹமாலி' என்று வழங்குவது அச்சொல்லே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் முதுகையும், நம்மைப் பத்துத் திங்கள் சுமந்த தாயின் வயிற்றையும் ஒரே வேர்ச்சொல் இணைக்கிறது. தாய் தளர்ச்சியின்மேல் தளர்ச்சியுற்றுப் பிள்ளையைச் சுமந்ததை லுக்மான் அத்தியாயத்தில் இறைவன் நமக்கு நினைவூட்டுகிறான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதார்கள் என்பதை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். மற்றொரு நாள், ஸஜ்தாவில் இருந்த அவர்களின் முதுகில் பேரப்பிள்ளை ஏறிக்கொண்டது. ஸஜ்தா நீண்டது. ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று தோழர்கள் அஞ்சினார்கள். தொழுகை முடிந்தபின், பிள்ளை தானாக இறங்கும்வரை அவசரப்படுத்த மனம் வரவில்லை என்னும் கருத்தில் நபியவர்கள் விளக்கினார்கள். நஸாயீ நூலில் வரும் செய்தி இது. ஒரு சமுதாயமே பின்னால் காத்து நிற்க, ஒரு பிள்ளையின் விளையாட்டுக்காகத் தாழ்ந்திருந்த முதுகு அது!

யமன் நாட்டவர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவை வலம் வந்தார். தாம் தாயின் கடனைத் தீர்த்துவிட்டேனா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பேறுகாலத்தில் அந்தத் தாய் விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்ற பொருளில் விடை கிடைத்தது. இமாம் புகாரி அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' இதனைப் பதிவு செய்துள்ளது.

இந்த வரலாற்றை நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் கனம் எனக்குப் புரிந்தது என் அத்தாவின் கால்கள் தளர்ந்தபோதுதான். எங்கள் பள்ளிவாசலுக்கு உயரமான ஏழு படிகள். ஜுமுஆவுக்குப் போக வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு, படியேற வலுவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்தேன். "நாலு பேர் பார்ப்பாங்கப்பா. ஜுமுஆவுக்கு உப்பு மூட்டையிலயா போறது?" என்று தயங்கினார். "சந்தைக்கு என்னைத் தூக்கிட்டுப் போகையில யாரும் பார்க்கலையா அத்தா?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர் என் தோள்களைப் பற்றிக்கொண்டார். ஒரு காலத்தில் நெல் மூட்டை தூக்கிய அந்த உடம்பு, ஒரு பள்ளிப்பிள்ளையின் எடைதான் இருந்தது.

அடுத்த வாரமே இளைஞர்கள் இருவர் நாற்காலியோடு வாசலில் நின்றார்கள். சில மாதங்களில் ஜமாஅத்தார் படியோரமாகச் சிமெண்டுச் சரிவுப் பாதை ஒன்றைக் கட்டினார்கள். வீட்டிலேயே அடைந்து கிடந்த வேறு மூன்று முதியவர்களும் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் அதுகாறும் வராதிருந்தது விருப்பமின்மையால் அன்று, படிகளால்.

அத்தாவைப் பின்னர் சந்தூக்கில் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்தோம். மனிதனை மனிதன் சுமப்பது அத்தோடு முடிகிறது. சுமப்பவன் எவனும் மற்றவன் சுமையை மறுமையில் சுமக்க மாட்டான்; பாரம் கனத்த ஆன்மா அழைத்தாலும், அழைக்கப்பட்டவர் நெருங்கிய உறவினராயினும், சிறிதும் சுமக்கப்படாது என்பது ஃபாத்திர் அத்தியாயம் தரும் எச்சரிக்கை. நான் அத்தாவைச் சுமக்க முடிந்ததும், அவர் என்னைச் சுமக்க முடிந்ததும் இந்த உலகில் மட்டுமே. இங்கே தவறவிட்டதை அங்கே செய்ய வழியில்லை.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன விடை இதுதான்: சொல்லில் தீங்கில்லை; ஆனாலும் வீட்டில் 'உப்பு மூட்டை' என்றே சொல்லிக் கொடுங்கள். அது நம் மொழி, பொருளும் தெளிவு. கூடவே, தங்கையைத் தூக்கிய முதுகு நாளை நன்னியைத் தூக்கவும் பழக வேண்டும் என்று சொல்லுங்கள்.

வாசகர்களே! உங்கள் மஹல்லாவின் பள்ளிவாசலில் எத்தனை படிகள்? ஏற முடியாமல் வீட்டிலிருப்போர் எத்தனை பேர்? வரும் வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிப் பாருங்கள். ஒரு நாற்காலியோ, ஒரு சரிவுப் பாதையோ, அதுவும் இல்லையேல் ஒரு முதுகோ அவர்களுக்குக் கிடைக்கட்டும். நம்மைச் சுமந்தவர்களைச் சுமக்கும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.